சாக்கடைத் தண்ணியில் பழத்தோட்டம்: உரச் செலவு மிச்சம்தான், ஆனா உப்பு?

வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிவறையிலிருந்து வெளியேறும் தண்ணீர், சுத்திகரிக்கப்பட்டு ஆரஞ்சு மரத்தின் வேருக்குப் போகிறது. இஸ்ரேலில் இது பல வருஷமாக நடக்கும் விஷயம். அங்கே சேரும் கழிவுநீரில் கிட்டத்தட்ட 90 சதவீதம் விவசாயத்துக்குத்தான். இதில் லாபம் என்ன, சிக்கல் என்ன? பார்க்கலாம்.

எப்படிச் சுத்தமாகிறது?

டெல் அவிவ் வட்டாரக் கழிவுநீர் ஷஃப்தான் நிலையத்துக்கு வருகிறது. முதலில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கின்றன. பிறகு தண்ணீரை மணற்பாங்கான குளங்களில் தேக்கி, பூமிக்குள் இறங்க விடுகிறார்கள். மணல்தான் பெரிய ஃபில்டர். பல மாதம் கழித்து அதைக் கிணறுகள் வழியே எடுத்து, நெகேவ் பாலைவனப் பகுதிக்குக் குழாயில் அனுப்புகிறார்கள்.

தண்ணிக்குள்ளேயே உரமா?

ஆமாம். மணல் வழியே இறக்கும்போது சத்தும் குறைந்துவிடும். அந்த வசதி இல்லாத மற்ற நிலையங்களின் தண்ணீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மிஞ்சும். பாசனத்துக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் நைட்ரஜன் வரை இருக்கலாம் என்கிறது இஸ்ரேலின் 2010 விதி.

20 மில்லிகிராம் என்றே வைப்போம். ஏக்கருக்கு வருஷம் 20 லட்சம் லிட்டர் பாய்ச்சினால் 40 கிலோ நைட்ரஜன். அதாவது, கிட்டத்தட்ட 2 மூட்டை யூரியா!

அப்புறம் என்ன பிரச்சினை?

இந்த உரத்தை மட்டும் தனியாக நிறுத்த முடியாது. காய் முற்றும் நேரத்தில் நைட்ரஜன் கூடினால், மரம் தளிர் விடுமே தவிர, பழத்தில் நிறம் ஏறத் தாமதமாகும். அதனால் தண்ணீரைப் பரிசோதித்து, அதில் இருக்கும் சத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதி உரம் போட வேண்டும்.

பெரிய வில்லன் உப்பு. வழக்கமான சுத்திகரிப்பில் சோடியம் நீங்காது. களிமண்ணில் அது சேர்ந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காது. இஸ்ரேலில் களிமண் நிலத்து அவகேடோ தோட்டங்களில் இப்படி விளைச்சல் குறைந்தது. சோப்புத்தூளில் இருந்து வரும் போரான், எலுமிச்சை, ஆரஞ்சு இலைகளைக் கருக்கும். அதனால் 1999-ல் சோப்புத்தூளிலேயே போரானுக்குக் கட்டுப்பாடு வந்தது.

பழத்தைச் சாப்பிடலாமா?

சுத்திகரித்த தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அது பழத்தில் படாது. கீழே விழுந்த பழத்தை எடுக்கக் கூடாது. கழுவி, தோல் உரிப்பதும் பாதுகாப்பு. ஆனா, மருந்துகளின் மிச்சம் முழுசாகப் போவதில்லை. இப்படி விளைந்தவற்றைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், வலிப்பு மருந்தான கார்பமசெபைன் மிகச் சிறிய அளவில் இருந்ததை 2016-ல் இஸ்ரேல் ஆய்வாளர்களே கண்டறிந்தனர்.

ஆக, தண்ணீர் சுத்தமா என்று கேட்டால் மட்டும் போதாது. அதில் உப்பு எவ்வளவு, பாயப்போவது மணலா, களிமண்ணா? மரம் தாங்குமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டும்தான்.