பூட்ஸ்ட்ராப்பா, டெயில்விண்டா, வெறும் சிஎஸ்எஸ்ஸா? உங்கள் வெப்சைட்டுக்கு எது சரி?

டெல்லி துவாரகாவில் இயங்கும் தென்மேற்கு மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த டேபில் மதுரை மாவட்ட நிர்வாகத்தின் தளம். லோகோவும் நிறமும் வேறு, ஆனால் குடும்ப ஜாடை அப்படியே தெரியும். இரண்டுமே தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற பொதுத்தளத்தில் நிற்பவை.

அழகாக இல்லையே என்று தோன்றலாம். ஆனா, நூற்றுக்கணக்கான மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் டெவலப்பர் இருப்பாரா என்பதே சந்தேகம். அரசுத் தளங்களுக்கான 2023 வழிகாட்டுதல்கள், பார்வைக் குறைபாடு உள்ளவரும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்கின்றன. டெம்ப்ளேட்டில் ஒருமுறை திருத்தினால் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். ஆக, முதல் கேள்வி 'எது ட்ரெண்ட்' என்பதல்ல. 'நாளைக்கு இதை யார் பராமரிப்பாங்க' என்பதுதான்.

ஒருவரே, பத்துப் பக்கத் தளம் என்றால் வெறும் சிஎஸ்எஸ் தாராளமாகப் போதும். முன்பு சாஸ் தேவைப்பட்ட நெஸ்டிங், 2023 முதல் முக்கிய பிரவுசர்களிலேயே வந்துவிட்டது. அலுவலக உள்பயன்பாட்டு டாஷ்போர்டா? 2011-ல் ட்விட்டர் வெளியிட்ட பூட்ஸ்ட்ராப் இன்றும் வேலையைச் சீக்கிரம் முடித்துத் தரும். ரியாக்ட் மாதிரி காம்பொனென்டுகளாகப் பிரித்து எழுதும் டீமுக்கு டெயில்விண்ட் பொருந்தும். எச்டிஎம்எல் முழுக்க கிளாஸ் பெயர்கள் மொய்க்கும், முதல் வாரம் எரிச்சல்தான். ஆனால் பயன்படுத்திய கிளாஸ்கள் மட்டுமே ஃபைலில் சேரும் என்பதால் அது வீங்காது.

புது ப்ராஜெக்ட்டுக்கு நான் பரிந்துரைக்காதது 'ஸ்டைல்டு காம்பொனென்ட்ஸ்'. 2016-ல் வந்து கொண்டாடப்பட்ட இந்த லைப்ரரி, 2025-ல் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. தவிர, பக்கம் ஓடும்போதே ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டைலை உருவாக்குவதால் விலை குறைந்த போன்களுக்கு அது கூடுதல் சுமை.

தமிழிலும் தளம் வருமென்றால் இன்னொரு சோதனை உண்டு. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று அடக்கமாக உட்காரும் பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டுப் பாருங்கள். அகலத்தை பிக்சலில் பூட்டியிருந்தால் வெளியே வழியும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் மேல்வரியின் 'கு', 'மு'க்களும் கீழ்வரியின் 'கி', 'மி'க்களும் முட்டிக்கொள்ளும். எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைத் தானாகச் சரிசெய்யாது. அகலத்தை உள்ளடக்கத்துக்கு விட்டுவிட்டு, தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் வரி உயரத்தைக் கூட்டுங்கள். மொழிவாரியாகத் தனி விதி எழுத சிஎஸ்எஸ்ஸிலேயே வழி இருக்கிறது.