டேஷ்போர்டு விளக்கு ஏன் சிமிட்டுகிறது? ஒரு நூறு வருடக் கதை

போன மாதம் மாமாவுடன் இரவில் காரில் வந்துகொண்டிருந்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்பீடாமீட்டர் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று மாமா ஏற்கெனவே புது பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார். ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசியில் பார்த்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பாசிபிடித்து ஆடிக்கொண்டிருந்தது. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கியதோடு வேலை முடிந்தது.

ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிறகுதானா இது தெரிய வேண்டும் என்று தோன்றியது. தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. காரில் மின்விளக்கு வந்த நாளிலிருந்தே இந்தச் சிமிட்டலும் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'டேஷ்போர்டு' என்பது குதிரை வண்டியிலிருந்து வந்த சொல். குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு, வண்டியில் இருப்பவர்மேல் தெறிக்காமல் தடுக்க முன்னால் வைத்த பலகைதான் அது. ஆரம்பகாலக் கார்களில் மண்ணெண்ணெய் விளக்கும் கார்பைடு விளக்கும்தான். 1912-ம் வருட மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கூடவே பேட்டரியும் மின்விளக்கும் வந்தன.

ஆனால் எல்லாருக்கும் அந்த வசதி கிடைக்கவில்லை. ஃபோர்டின் மாடல் டி காரில் 1915-ல் மின்சார ஹெட்லைட் வந்தபோது, அதற்கு பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் இருந்த மேக்னெட்டோவிலிருந்து நேராக மின்சாரம் போனது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் அதிகம், மெதுவாகச் சுற்றினால் மங்கல். இருட்டில், குண்டும் குழியுமான ரோட்டில், மெதுவாகப் போகவேண்டிய இடத்தில்தான் வெளிச்சம் குறையும்! வெளிச்சத்துக்காகவே லோ கியர் போட்டு இன்ஜினை உறும விடுவார்களாம்.

பல்பு இவ்வளவு ரோஷப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ வோல்டேஜின் 3.4-வது அடுக்குப்படி மாறும். வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறைந்துவிடும். அதாவது, டேஷ்போர்டு விளக்கு தன்னையறியாமல் ஒரு வோல்ட் மீட்டராகவும் வேலை செய்கிறது.

அடுத்து டைனமோவும் ரெகுலேட்டரும். நம்மூர் மெக்கானிக்குகள் 'கட்டவுட்' என்று சொல்வார்களே, அந்தப் பெட்டிதான். உள்ளே ஒரு காயில், ஒரு ஸ்பிரிங், இரண்டு பாயின்ட். வோல்டேஜ் ஏறினால் பாயின்ட் விலகும், இறங்கினால் சேரும். வினாடிக்குப் பலமுறை இப்படித் துடிக்கும். பாயின்ட் கருகிவிட்டால் அந்தத் துடிப்பு விளக்கிலும் தெரிய ஆரம்பிக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு வந்த நம் அம்பாசிடரின் பழைய வண்டிகளிலும் இந்த ஏற்பாடுதான்.

டைனமோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஐடிலிங்கில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. சிலிக்கான் டையோடு மலிவான பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1960-ம் வருட மாடல் வேலியன்ட் காரில் அதைக் கொடுத்தது. சிக்னலில் நிற்கும்போதும் பேட்டரி சார்ஜ் ஆனது. 1970-களில் துடிக்கும் பாயின்ட்டுகள் போய் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பரவியது.

சரி, இந்தச் சரித்திரத்தால் நமக்கு என்ன லாபம்? ஒவ்வொரு காலத்துக் கோளாறும் இன்றைக்கு ஒரு சோதனையாகப் பயன்படும்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வெளிச்சம் கூடிக் குறைந்தால், அது மாடல் டி நோய். மின்சாரம் வரும் இடத்தைப் பாருங்கள்: பெல்ட், ஆல்டர்னேட்டர் பிரஷ், ரெகுலேட்டர். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் இன்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட்டும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரையும் காட்டவேண்டும். முள்போல ஆடினாலோ 15-ஐத் தாண்டினாலோ சந்தேகம் ரெகுலேட்டர்மேல்.

பள்ளத்தில் குலுங்கும்போது சிமிட்டினால் ஏதோ இணைப்பு லூஸ். பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியின் நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலும் அப்படியே.

ஹெட்லைட் நிதானமாக எரிந்து டேஷ்போர்டு மட்டும் சிமிட்டினால், டிம்மர் திருகு, மீட்டர் பெட்டியின் கனெக்டர், பல்பு ஹோல்டர் ஆகியவற்றில் ஒன்றுதான். டிம்மரை நாலைந்து தடவை திருகினாலே சில வண்டிகளில் சரியாகிவிடும். இழை பல்பை எடுத்துவிட்டு எல்இடி மாட்டிய பிறகு சிமிட்டல் ஆரம்பித்திருந்தால் வண்டிமேல் பழி போடாதீர்கள். இழை சூட்டை வைத்துக்கொண்டு சின்னத் துடிப்புகளை மறைத்துவிடும். எல்இடி எதையும் மறைக்காது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் இன்றும் சிலரிடம் உண்டு. அந்தக் கால வண்டிகளில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் இல்லை, அதனால் பெரும்பாலும் தப்பித்தார்கள். இன்று அப்படிச் செய்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரே பாய்ச்சலாக எகிறி, டையோடிலிருந்து கம்ப்யூட்டர் வரை பலி கேட்கும். சோதனைக்கு மல்டிமீட்டர் போதும்.

மாமா இப்போது டூல் பாக்ஸில் ஒரு துண்டு உப்புக்காகிதம் வைத்திருக்கிறார். புது பேட்டரிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் பேசுவதில்லை :-)