திருப்பாவைக்கு மெட்டுப் போட்டவர்



மார்கழி வந்தால் நம் ராஜபாளையம் தெருக்களில் எம்.எல்.வசந்தகுமாரி குரலில் திருப்பாவை கேட்கும். ஆண்டாள் காலத்து மெட்டே அதுதான் என்று பலர் நினைக்கிறீர்கள். அப்படியல்ல.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் இன்றும் பாசுரங்களைக் கோஷ்டியாகச் சேவிப்பார்கள். அரையர் சேவையும் உண்டு. நாம் கேட்கும் கச்சேரி மெட்டு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 30 பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கும் இதே வரிசைதான்! தமிழ்ப் பாட்டென்றால் கச்சேரியின் கடைசியில் துக்கடா என்றிருந்த காலத்தில் இது சாதாரண மரியாதை அல்ல.

எம்.எல்.வி.யை ஒருமுறை நேரில் கேட்டேன். மூன்றாம் பாசுரத்தை ஆரபியில் எடுத்தார். மாதம் மும்மாரி பெய்து நெல் ஓங்கி வளர்வதைச் சொல்லும் பாட்டு. நம் கண்மாய்கள் வறண்டு கிடந்த வருடம் அது. பக்கத்தில் இருந்த பெரியவர், சம்சாரி போலும், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

பேரப்பிள்ளைகளுக்குத் திருப்பாவை சொல்லிக் கொடுக்கும்போது அரியக்குடி பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.