ஸ்ரீஹரிகோட்டா: இருமுறை ‘கண்டறியப்பட்ட’ ஒரு தீவு

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி, காளத்தி வழியாக நாயுடுபேட்டை செல்லும் சாலை, தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கும் நிலப்பரப்பைக் குறுக்கே கடக்கிறது. புத்தலப்பட்டு என்னும் பெயரிலுள்ள ‘பட்டு’ என்ற ஈறே தொண்டை மண்டல ஊர்ப்பெயர் மரபை நினைவூட்டும். நாயுடுபேட்டையிலிருந்து தெற்கே சூலூர்பேட்டையை அடைந்து, பழவேற்காட்டு ஏரியின் ஊடாக இடப்பட்ட சாலையில் கிழக்கே சென்றால் ஸ்ரீஹரிகோட்டாவை அடையலாம். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இத்தீவு, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.

விண்வெளி வரலாற்று நூல்கள் இத்தீவின் கதையை 1968-இல் தொடங்குகின்றன. விக்ரம் சாராபாயின் பணிப்பின்பேரில் ஏக்நாத் சிட்னிஸ் கிழக்குக் கடற்கரையில் ஏவுதளத்திற்கு இடம் தேடினார். 1963 முதல் செயற்பட்டுவந்த தும்பா மேற்குக் கரையில் உள்ளது. செயற்கைக்கோளைக் கிழக்கு நோக்கி ஏவினால் புவிச்சுழற்சியின் வேகம், இக்குறுக்குக்கோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர், துணைநிற்கும். கழன்று விழும் பகுதிகளும் கடலில் விழும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே, ஏறத்தாழ 50 கி.மீ. கடற்கரையுடன், சவுக்கும் தைலமரமும் விறகுக்காக வளர்க்கப்பட்ட இத்தீவு 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-ஆம் நாள் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. இவை பலரும் அறிந்தவை.

ஆனால் இது இரண்டாவது ‘கண்டறிதல்’ ஆகும். 1835-இல் சென்னை அரசு இத்தீவைக் கையகப்படுத்தியபோது அக்காட்டில் யானாதியர் வாழ்ந்துவந்தனர். தேன், சாயவேர் போன்ற காட்டுப்பொருள்களைத் திரட்டுவது அவர்தம் தொழில். தமிழில் சாயவேர் எனப்படுவது தெலுங்கில் ‘சிரிவேரு’. ‘யானாதி’ என்னும் பெயரை ‘அநாதி’ என்ற வடசொல்லோடு இணைத்து, தோற்றம் அறியப்படாதவர் என்று பொருள் கூறுவோர் உண்டு. இது அவர்களைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணத்தைக் காட்டுமேயன்றி, அவர்தம் வரலாற்றைக் காட்டாது.

இங்குச் சொற்பொருள் சிக்கல் ஒன்று எழுகிறது. ஆங்கிலேயரின் வருவாய்த்துறை ஆவணங்களில் வரி மதிப்பிடப்படாத நிலம் ‘வேஸ்ட்’ எனக் குறிக்கப்பட்டது. அதனைத் தமிழில் ‘தரிசு’ என்றும், தெலுங்கில் ‘பஞ்சரு’ என்றும் பெயர்க்கும்போது, வரியின்மை என்னும் நிர்வாகப் பொருள் மறைந்து பயனின்மை என்னும் பொருள் முன்னிற்கிறது. தேன் எடுப்பவனுக்கு அந்நிலம் தரிசன்று. ஒரு சொல்லின் பெயர்ப்பு ஒருவரது நில உரிமையையே தீர்மானித்துவிடக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஊர்ப்பெயர்களும் ஆய்வுக்குரியன. அரைக்கோடி இலிங்கங்கள் இருந்தமையால் ‘அரகோடி’ என வழங்கிய பெயர் ‘ஹரிகோட்ட’ ஆயிற்று என்பது மக்கள் வழக்கிலுள்ள ஒரு விளக்கம். தெலுங்கு ‘அர’வும் தமிழ் ‘அரை’யும் ஓரினச் சொற்கள் என்பதால் இவ்விளக்கம் இரு மொழியினருக்கும் எளிதில் புலப்படும், ஆயினும் எளிதில் புலப்படுவது சான்றாகிவிடாது. ஏரியின் தமிழ்ப்பெயர் பழவேற்காடு, தெலுங்குப்பெயர் பிரளயகாவேரி. ஒலிகள் நெருங்கியுள்ளன. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் செவிவழித் திரிபாக இருத்தல் கூடும். எது முந்தியது என்பதை ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு துணிய இயலாது.

ஏவுதளம் அமைந்தபோது தீவிலிருந்து குடிகள் பெயர்க்கப்பட்டனர். ஓடை, மேடு, மணல்திட்டு ஆகியவற்றுக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர்கள், அவற்றைச் சொல்லி வழிகாட்டும் தேவை இல்லாதபோது, வழக்கொழிகின்றன. அளவை வரைபடங்கள் அவற்றுள் சிலவற்றையே தாங்கும். ச.வெம். ரமேஷின் ‘பிரளயகாவேரி கதலு’ ஏரிப்புறத்துத் தெலுங்கு வழக்கிலேயே எழுதப்பட்டிருப்பது இந்நிலையில் பெரும்பேறு. அதனைத் தமிழாக்குவோர் தலைப்பிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ‘பழவேற்காட்டுக் கதைகள்’ என்றால் தமிழர்க்கு இடம் உடனே விளங்கும். என் கருத்தில் ‘பிரளயகாவேரி’யை அவ்வாறே நிறுத்தி, இடத்தை முன்னுரையில் விளக்குவதே தக்கது.