கிழமை யார் வகுத்தது?

உடுப்பிட்டிப் பிள்ளைக்குத் திங்கள் தொட்டு வெள்ளி வரை பள்ளிக்கூடம். இது ஆதியிலிருந்தே வந்த கணக்கல்ல.

திண்ணைப் பள்ளிகள் திதி பார்த்தே நடந்தன. அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, பிரதமை நாட்களில் பிள்ளைகள் ஏடு தொடமாட்டார்கள். 1852இல் தொடங்கிய உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரி போன்றவை ஞாயிறு ஓய்வைப் பழக்கின. 1966இல் அரசாங்கம் ஞாயிறை எடுத்துவிட்டுப் போயா விடுமுறையைக் கொண்டு வந்தது. சில கிழமைகளில் பள்ளிநாள் ஒன்று கூடிவிடும். கலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். 1971இல் ஞாயிறு திரும்பியது.

வெள்ளி பொதுவாக வேலைநாள்தான். அதில் நமக்குக் குறையில்லை. ஜும்ஆ முடிந்ததும் வேலைக்குத் திரும்பலாம் என்பதே மார்க்கம். வேண்டியது ஒரு மணி நேரம். தமிழ்ப் பாடசாலையில் படிக்கிற நம்ம பிள்ளைக்கு அதை நேரசூசியில் கேட்பது சலுகை கேட்பதாகாது. கிழமையை மனிதர்கள் எத்தனை தடவை மாற்றியிருக்கிறார்கள்!