ப்ளூஸும் ஜாஸும்: ஓர் இடைவெளியின் வரலாறு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை மரபில் ப்ளூஸைத் தாய் என்றும் ஜாஸை அதன் சேய் என்றும் கூறுவது வழக்கம். ஆனால் இவ்விரண்டும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஏறத்தாழ ஒரே காலத்தில், வெவ்வேறு வாழ்க்கைச் சூழல்களில் உருப்பெற்றவை என்பதால், அக்கூற்றைப் பாதி உண்மையாகவே கொள்ள வேண்டும்.

ப்ளூஸ் வேரூன்றிய நிலங்களுள் முதன்மையானது, மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் டெல்டா எனப்படும் பருத்திச் சமவெளி. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் வாரத்துக்குப் பயிரிட்டுத் தீராக் கடனில் உழன்ற அம்மக்களிடையே, வயலில் ஒருவர் குரலெடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் பழக்கம், ஒருவரே பாடித் தம் கிட்டாரைக் கொண்டு பதிலும் சொல்லிக்கொள்ளும் பாட்டாக உருமாறியது. நாளடைவில் நிலைபெற்ற அதன் கட்டமைப்பு எளியது: நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு தாளச் சுற்றுகளுக்குள் முதலடி பாடப்பட்டு, அதுவே மீண்டும் ஒலித்து, மூன்றாம் அடி அதற்கு மறுமொழி கூறும். ஒவ்வோர் அடிக்கும் நான்கு சுற்றுகள் உரியவையெனினும் குரல் பெரும்பாலும் இரண்டு சுற்றுகளைக் கடந்ததும் ஓய்ந்துவிட, எஞ்சிய இடைவெளியைக் கருவி நிரப்புகிறது. காந்தாரமும் நிஷாதமும் தம் இடத்தினின்று சற்றே தாழ்ந்து குழைந்து வரும் ‘நீலச் சுரங்கள்’ இப்பாட்டின் உயிர்; பியானோவின் இரு கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் அச்சுரங்களை, பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக் கிட்டார் தந்தியின்மீது வழுக்கியே டெல்டா கலைஞர்கள் எட்டினர்.

ஜாஸ் வளர்ந்த நியூ ஆர்லியன்ஸோ துறைமுக நகரம். சவ ஊர்வலத்துக்கும் நடன அரங்குக்கும் பித்தளை வாத்தியக் குழுக்கள் அங்கே தேவைப்பட்டன. ஐரோப்பிய முறையில் இசைக்குறிப்பு பயின்ற கிரியோல் எனும் கலப்பினத்தாரும், கேள்வி ஞானத்தால் வாசித்த கறுப்பினத்தாரும் இனப்பிரிப்புச் சட்டங்களின் நெருக்கடியில் மேலும் ஒருங்கே தள்ளப்பட்டனர். கார்னெட் எனும் ஊதுகருவி மெட்டைச் சுமக்க, கிளாரினெட் அதன்மேல் படர, டிராம்போன் கீழே தாங்க, மூவரும் ஒரே வேளையில் மனோதர்மமாக வாசிக்கும் முறை இவ்வாறு பிறந்தது. இதன் முன்னோடியான பட்டி போல்டனின் வாசிப்பு ஒன்றுகூட ஒலிப்பதிவாக எஞ்சாதது பேரிழப்பே.

இரு மரபுகளும் சந்திக்கும் இடத்தை, டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடலின் 1925ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கலாம். ஹார்மோனியம் சுருதியும் துணையுமாக நிற்க, பெஸ்ஸி ஸ்மித் ஓரடியைப் பாடி நிறுத்துகிறார்; டெல்டாவில் கிட்டார் பேசியிருக்கக்கூடிய அந்த இடைவெளியில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மறுமொழி தருகிறது. ப்ளூஸில் அம்மறுமொழி பாட்டுக்குத் துணை. ஜாஸ் அதையே பெருக்கிப் பாட்டின் இடத்தில் அமர்த்தியது என்பதே இவ்விரண்டின் அடிப்படை வேறுபாடு எனலாம். ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவுசெய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ துணையற்ற ஒற்றை டிரம்பெட்டின் முழக்கத்தோடு தொடங்குகிறது. இடையில் குரல் வரும்போதும் அது சொல்லின்றிக் கிளாரினெட்டுக்குப் பதில் கூறும் கருவியாகவே ஒலிக்கிறது. அதன் அடித்தளமோ அதே பன்னிரண்டு சுற்றுகள்தாம்.