காலித் திரையை யார் வரைவது?

மருத்துவமனை முன்பதிவுச் செயலி ஒன்றில் துறைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பல் மருத்துவம்' என்று இருக்க வேண்டிய வரி 'பல மருததுவம' என்று தெரிந்தது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை, எழுத்துருவிலும் இல்லை. வரியின் உயரம் ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ப இறுக்கப்பட்டு, பெட்டியை மீறியதெல்லாம் வெட்டப்பட்டதில் புள்ளிகள் அனைத்தும் போயிருந்தன. பல்லுக்கும் பலவுக்கும் இடையில் ஒரு புள்ளிதான் நிற்கிறது என்பதை வடிவமைப்புக் கோப்பு அறியாது. அங்கே அந்தப் பெட்டி ஆங்கிலத்தில் மட்டும் வரையப்பட்டிருக்கும். நிரலாளர் அதன் அளவை அப்படியே எடுத்து எழுதியிருப்பார்.

இப்படி நேரும்போது வடிவமைப்பாளரையோ நிரலாளரையோ குறைசொல்வது வழக்கம். இருவருக்கும் நடுவே இருந்த கருவியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். அது நீள அகலங்களையும் நிறங்களையும் பிசகாமல் கொண்டுசேர்த்தது. தரவு வருவதற்கு முன், தரவே இல்லாதபோது, இணைப்பு அறுந்தபோது, சொல் நீண்டுபோனபோது அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்பதை அது கேட்கவே இல்லை. இவற்றை 'நிலைகள்' என்று அழைக்கிறேன். நிலைகளுக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயர்களால் இரு தரப்பையும் ஒரு கருவி கட்டுகிறதா என்பதே அதை மதிப்பிடும் முதல் அளவுகோல் என்பது என் வாதம்.

இது புதிய கனவு அல்ல. மைக்ரோசாஃப்ட் 2007இல் வெளியிட்ட எக்ஸ்பிரஷன் பிளெண்ட், ஸாமல் என்ற குறிமொழியை நடுவில் வைத்தது. வடிவமைப்பாளர் பிளெண்டில் திறந்த அதே திட்டக் கோப்பை நிரலாளர் விஷுவல் ஸ்டூடியோவில் திறந்தார். ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்து மறுபடி எழுதும் வேலை அங்கே இல்லை. அதைவிட ஆழமான ஏற்பாடு 2008இல் அதே நிறுவனத்தின் சில்வர்லைட் 2 தளத்துடன் வந்த 'விஷுவல் ஸ்டேட் மேனேஜர்'. ஒரு பட்டனுக்கு இயல்பு, சுட்டி மேலிருத்தல், அமுக்கப்படுதல், முடக்கம் என்ற நிலைகள் உண்டு என்று நிரலாளர் பெயர் சொல்லி அறிவிப்பார். அந்தப் பெயர்கள் பிளெண்டில் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் தேர்ந்து அதன் தோற்றத்தை வடிவமைப்பாளர் வரைவார். எப்போது நிலை மாறும் என்பது ஒருவர் பொறுப்பு, மாறினால் எப்படித் தெரியும் என்பது மற்றவர் பொறுப்பு. நடுவே நின்றது பெயர்கள் மட்டுமே. வடிவமைக்கும் நேரத்தில் மட்டும் தெரிந்து, செயலி ஓடும்போது புறக்கணிக்கப்படும் மாதிரித் தரவையும் ஸாமல் கோப்பிலேயே வைக்க முடிந்தது. காலிப் பட்டியலையும் நீண்ட பெயரையும் வரையும்போதே பார்த்துவிடலாம்.

பிளெண்ட் விண்டோஸில் மட்டும் ஓடியது; வடிவமைப்பாளர்களில் பெரும்பகுதியினரோ மேக்கில் இருந்தார்கள். ஸாமலின் அடுக்குகளைப் புரிந்துகொள்ளாமல் அதில் வேலை செய்வதும் கடினம். எக்ஸ்பிரஷன் வரிசையை 2012 இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது, பிளெண்ட் மட்டும் விஷுவல் ஸ்டூடியோவுடன் ஒட்டிக்கொண்டது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021இல் முடிந்தது. தளம் சரிந்தபோது அதன் மேல் நின்ற நல்ல எண்ணமும் சேர்ந்து புதைந்தது என்பதே என் வருத்தம்.

அடுத்து வந்தது படங்களின் காலம். மேக்கில் ஸ்கெட்ச் என்ற வரைகருவி பரவியது. அதன் கோப்பிலிருந்து அளவுகளை நிரலாளருக்கு எடுத்துக்கொடுக்க செப்லின் போன்ற சேவைகள் எழுந்தன. 2016இல் பொதுவெளிக்கு வந்த ஃபிக்மா உலாவியிலேயே பலரை ஒரே கோப்பில் உட்கார வைத்தது. 2023இல் நிரலாளருக்கெனத் தனிப் பார்வையையும் தந்தது. இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஃபிக்மாவில் ஒரு கூறுக்கு மாற்றுருவங்கள் வரையலாம். ஆனால் அவற்றின் பெயர்கள் வடிவமைப்பாளர் சூட்டியவை. 'பிழை' என்ற உருவத்தை அவர் வரைய மறந்தால் கருவி எச்சரிக்காது.

நிரலாளர் பக்கத்திலிருந்து இதே தேவைக்கு விடை தேடியது ஸ்டோரிபுக். இலங்கையில் இயங்கிய கதீரா என்ற சிறு நிறுவனத்தில் 2016இல் பிறந்த கருவி அது. ஒரு கூறின் ஒவ்வொரு நிலையையும் ஒரு 'கதை'யாக எழுதி, முழுச் செயலியை ஓட்டாமலே தனித்துப் பார்க்க வைத்தது. ஆக, நிலைகளின் பட்டியல் இன்று இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லையென்றால் யாருக்கும் தெரிவதில்லை.

ஒருவரே இரண்டையும் கற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீராதா என்று கேட்பார்கள். சிறு குழுவில் தீரலாம். படத்திலிருந்து நிரலைத் தானே எழுதும் கருவிகள் வந்துவிட்டனவே என்பது இன்னொரு மறுப்பு. வரையப்படாத காலித் திரையை அவை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும், அந்த ஊகத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லை.

தமிழில் இந்த இடைவெளி உடனே வெளிப்பட்டுவிடுகிறது. 'கடவுச்சொல்' நம் கணக்கில் 6 எழுத்து, யூனிகோடு கணக்கில் 10 குறியெண்கள். வடிவமைப்பாளர் ஒன்றையும் நிரலாளர் மற்றொன்றையும் எண்ணிக்கொண்டு ஒரே வரம்பைப் பேசுகிறார்கள். 'சேமி' ஆங்கிலப் பட்டனுக்குள் அடங்கிவிடும், 'வெளியேறு' அடங்காமல் போகலாம். ஆகவே நிலைகளின் பட்டியலில் 'நீள்சொல்' என்றும் 'மேல்கீழ்க்குறி' என்றும் இரண்டு நிலைகளைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்கிறேன். இரண்டாவதற்கு மாதிரித் தரவாக, மேலே புள்ளியும் கீழே இறங்கும் வளைவும் சேர்ந்து வரும் 'கூழ்' என்ற ஒரு சொல் போதும். அது வெட்டுப்படாமல் தெரிந்த பிறகு பெட்டியின் உயரத்தை முடிவுசெய்யலாம்.